உண்ணிக் காய்ச்சலில் இருப்பது எந்த உண்ணி?

போன கார்த்திகையில் என் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் வேர்க்கடலைக் கொல்லை, ஒரு நாய். முதலில் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள், ஐந்து நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்குவதாக இல்லை. கண்ணைத் திறக்க விடாத தலைவலி வேறு. எட்டாம் நாள் வேலூருக்குக் கூட்டிவந்தோம்.

இங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. ரத்தத்துக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் திரையை இழுத்துவிட்டு, சித்தியின் உடம்பை ஒரு இடம் விடாமல் பார்த்தார். காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கு அடியில், தொடையிடுக்கு. கடைசியில் பாவாடை நாடா இறுகுகிற இடுப்பு மடிப்பில் ஒரு கருப்புப் பொருக்கு கிடைத்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, சுற்றிலும் லேசான சிவப்பு வளையம். ஊதுபத்தியால் சுட்டுவைத்த மாதிரி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே சித்திக்குத் தெரியாது. 'ஸ்க்ரப் டைபஸ்' என்றார். நாங்கள் விழிப்பதைப் பார்த்து, 'உண்ணிக் காய்ச்சல்' என்று தமிழிலும் சொன்னார்.

'இன்னாடா இது, அங்க டைபாய்டுன்னாங்க, இங்க உண்ணின்றாங்க' என்றார் சித்தி. ஊருக்கு போன் போட்டுச் சொன்னதும் சித்தப்பா செய்த முதல் வேலை, நாயைக் கொண்டுபோய் பம்புசெட் ரூமில் கட்டியதுதான். அதன் காதில் எப்போதும் நாலைந்து உண்ணி தொங்கும். 'எல்லாம் அதாலதான், நான் அப்பவே சொன்னேன்' என்றார்.

நாய் பாவம். சித்தியைக் கடித்தது அந்த உண்ணி இல்லை.

ஒரே பெயர், இரண்டு பிராணி

உண்ணுவது உண்ணி. அவ்வளவுதான் சொல்லின் பொருள். அதனால் தமிழில் கண்டதுக்கெல்லாம் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அறிவியல் பாடத்தில் ஒட்டுண்ணி, தாவர உண்ணி. தோலில் வருகிற பாலுண்ணி ஒரு வைரஸால் வரும் மரு, பூச்சியே இல்லை. மலையடிவாரம் முழுக்க மண்டிக்கிடக்கிற உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து வந்த புதர். ஆங்கிலத்தில் 'டிக்' வேறு, 'மைட்' வேறு. மாடு, ஆடு, நாயின் மேல் நாம் பார்ப்பது டிக். ஸ்க்ரப் டைபஸைக் கொண்டுவருவது மைட். தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டுக்குமே உண்ணி என்று எழுதிவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கட்டுரையில் முதலாவதை உண்ணி என்றும், இரண்டாவதை மைட் என்றும் சொல்கிறேன்.

இரண்டும் பூச்சிகள் இல்லை. பூச்சிக்கு ஆறு கால், இவற்றுக்கு வளர்ந்த பிறகு எட்டு. சிலந்தி, தேள் வகையறா. குஞ்சாக இருக்கும்போது மட்டும் இரண்டுக்குமே ஆறு கால்தான்.

உண்ணியை எல்லோரும் பார்த்திருப்போம். பட்டினியாக இருக்கும்போது தட்டையாக, எள் மாதிரி, நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. ரத்தம் குடித்த பெண் உண்ணியைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் உப்பி, பளபளவென்று, அச்சாக ஆமணக்குக் கொட்டை. இது என் உவமை இல்லை. ஆமணக்கின் அறிவியல் பெயரில் வருகிற 'ரிசினஸ்' என்பது லத்தீனில் உண்ணிக்குப் பெயர். அந்த ஊர்க்காரர்களும் கொட்டையைப் பார்த்ததும் நாயின் காதைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் இளசு, அப்புறம் வளர்ந்த உண்ணி. இதுதான் அதன் வாழ்க்கை. பொரித்த பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வயிறு ரத்தம் வேண்டும். மாட்டுண்ணி மூன்று சாப்பாட்டையும் ஒரே மாட்டின் மேல் முடித்துக்கொள்ளும். நாயுண்ணி அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டுக் கீழே விழும், சுவர் விரிசலிலும் கட்டில் சந்திலும் ஒளிந்து தோலுரிக்கும், மறுபடி ஆள் தேடும். நாயைக் குளிப்பாட்டியும் உண்ணி போகவில்லையே என்று புலம்புகிறவர்கள் சுவரைப் பார்க்க வேண்டும்.

அதற்குக் கண் பெரிதாக உதவாது. காட்டிலும் புல்வெளியிலும் இருக்கிற உண்ணி புல் நுனியில் ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் காற்றில் விரித்து நிற்கும். அந்த முன்னங்கால்களில்தான் அதன் மூக்கு. நாம் விடுகிற மூச்சில் உள்ள கரியமில வாயு, உடம்புச் சூடு, வாசனை எல்லாம் அதில் தெரியும். காலோ வாலோ உரசினால் போதும், தொற்றிக்கொள்ளும். கடிப்பது நமக்குத் தெரியாது, எச்சிலில் மரத்துப்போகச் செய்கிற சரக்கு இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, வாயைத் தோலோடு ஒட்டிவைக்க சிமெண்ட் மாதிரி ஒன்று. இத்தனையும் எச்சில்தான்.

நோய் பரவுகிற வழியும் அதே எச்சில். நாள்கணக்கில் ரத்தம் குடிக்கிற உண்ணிக்கு அதிலுள்ள தண்ணீர் பாரம். சத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை எச்சிலாகத் திருப்பி நம் உடம்புக்குள்ளேயே துப்பிவிடும். அதன் உடம்பில் கிருமி இருந்தால் அதுவும் கூட வரும்.

உண்ணிதான் என்று எப்படித் தெரிந்தது?

உண்ணியால் நோய் வரும் என்பதை முதலில் சொன்னது மாடு மேய்க்கிறவர்கள். அமெரிக்காவில், 19-ம் நூற்றாண்டில். தெற்கே டெக்சாஸ் பக்கத்திலிருந்து ஓட்டிவருகிற மாடுகள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவை மேய்ந்துபோன புல்வெளியில் சில வாரம் கழித்து மேய்கிற வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு, ரத்தமாக மூத்திரம் போய்ச் செத்துவிழும். 'எல்லாம் உண்ணி வேலை' என்றார்கள் மேய்ப்பர்கள். படித்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காமல் சோதித்துப் பார்த்தவர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் அவருடன் வேலை செய்த கில்போர்னும். அவர்கள் செய்தது எந்த விவசாயிக்கும் புரியும். நிலத்தை வேலி போட்டுப் பிரித்தார்கள். ஒரு வேலிக்குள் உண்ணியோடு தெற்கத்தி மாடும் வடக்கத்தி மாடும். வடக்கத்தி மாட்டுக்கு நோய் வந்தது. இன்னொன்றில் தெற்கத்தி மாட்டின் உண்ணியை எல்லாம் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு விட்டார்கள். நோய் வரவில்லை. மூன்றாவதில் தெற்கத்தி மாடே கிடையாது, உண்ணியை மட்டும் கொண்டுவந்து புல்லில் தூவினார்கள். வடக்கத்தி மாடு படுத்துவிட்டது. மாட்டைக் கழித்தாலும் நோய் வருகிறது, உண்ணியைக் கழித்தால் வரவில்லை. 1893-ல் இதை வெளியிட்டார்கள். லேப், மெஷின் எல்லாம் அப்புறம்தான். ஆராய்ச்சி என்றால் அடிப்படையில் இந்த வேலிக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றும்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. மாட்டுண்ணி ஒரே மாட்டின் மேல் வாழ்ந்து, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. இன்னொரு மாட்டை அது கடிப்பதே இல்லை. அப்புறம் எப்படி நோய் தாண்டுகிறது? விடை முட்டையில் இருந்தது. தாய் குடித்த ரத்தத்தில் இருந்த கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. அடுத்த மாட்டைக் கடிப்பது பிள்ளை. நடுவில் கழிகிற அந்தச் சில வாரங்கள், முட்டை பொரிக்கிற காலம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சித்தியின் கதைக்கு வேண்டும்.

அந்த நோய் நமக்குப் புதிதில்லை. பபேசியா என்பார்கள். பொய்கைச் சந்தையில் கலப்பினப் பசு வாங்கி வந்தவர்களுக்கு, மாடு ஒருநாள் காபி டிகாக்ஷன் மாதிரி மூத்திரம் போவதைப் பார்த்து வயிறு கலங்கிய அனுபவம் இருக்கலாம். தைலேரியா என்று இன்னொன்று, கழுத்துக் கழலை வீங்கிக் காய்ச்சல் வரும். நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும், கலப்பினங்கள் தாங்காது. உண்ணி மருந்தும் முன்னைப்போல வேலை செய்வதில்லை. ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்ததில், அதற்குப் பிழைத்த உண்ணிகளின் வம்சம்தான் இப்போது இருக்கிறது. என்ன மருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்பது நல்லது. உரக்கடையில் கேட்பதல்ல.

மனிதர்களுக்கு வருவதில், 1906-ல் ஹோவார்ட் ரிக்கட்ஸ் என்பவர் அமெரிக்க மலைப்பகுதி ஒன்றில் வந்த புள்ளிக் காய்ச்சலை உண்ணி பரப்புவதை கினிப் பன்றிகளை வைத்துக் காட்டினார். நான்கு வருடம் கழித்து மெக்சிகோவில் டைபஸை ஆராயப்போய், அதே டைபஸ் தொற்றி இறந்தார். அந்தக் கிருமிக் குடும்பத்துக்கு ரிக்கட்சியா என்று அவர் பெயர்தான்.

நம் நாட்டில் பெரிய பெயர் வாங்கியது கர்நாடகத்தின் குரங்குக் காய்ச்சல். 1957-ல் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பக்கத்து ஊர்களில் ஆட்கள் படுத்தார்கள். முதலில் மஞ்சள் காய்ச்சலோ என்று பயந்தார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் தேடிப் பார்த்ததில் ஒரு புது வைரஸ் கிடைத்தது, அதைச் சுமப்பது காட்டு உண்ணி. குஜராத்தில் 2011-ல் உறுதியான கிரிமியன்-காங்கோ காய்ச்சலும் உண்ணி வழி வருவதுதான். வேலூர்க்காரர்கள் இந்த இரண்டையும் நினைத்துத் தூக்கம் கெடத் தேவையில்லை. இணையத்தில் உண்ணி என்று தேடினால் வந்து கொட்டுகிற லைம் நோய்க்கும் அதே பதில்.

சித்தியைக் கடித்தது யார்?

மழை நின்ற காலையில் செம்மண்ணில் ஊர்கிற சிவப்பு வெல்வெட் பூச்சியைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து விளையாடாத கிராமத்துப் பிள்ளை உண்டா? சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது அதுதான். அதுவும் ஒரு மைட். அதற்குக் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு ஒன்றுவிட்ட சொந்தம் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் காய்ச்சல் கொடுப்பது அந்தச் சொந்தம்.

அதன் வாழ்க்கை விசித்திரமானது. வளர்ந்த மைட் சாது. மண்ணுக்குள் கிடந்து சின்னப் பூச்சிகளின் முட்டையைத் தின்னும், நம் பக்கமே வராது. கடிப்பது அதன் குஞ்சு மட்டும். சிகர் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான் அதன் நீளம். ஆறு கால், ஆரஞ்சு நிறம். ஈரமான புல், புதர் ஓரம், வரப்பு ஆகிய இடங்களில் காத்திருந்து எலி வந்தால் எலி மேல், ஆள் வந்தால் ஆள் மேல் ஏறும். உடம்பில் ஏறியதும் துணி இறுகுகிற இடம், மடிப்பு, மெல்லிய தோல் தேடிப் போகும். டாக்டரம்மா அந்த இடங்களைத் தேடியது அதனால்தான்.

இது ரத்தமும் குடிப்பதில்லை. எச்சிலை இறக்கி, தோலின் திசுவைக் கரைத்து, அந்தக் கூழை உறிஞ்சும். கூழைக் குடிக்கத் தோலுக்குள் குழாய் மாதிரி ஒன்று உருவாகிவிடும். சில நாள் இருந்து வயிறு நிரம்பியதும் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். கிருமி உள்ளே போயிருந்தால் கடித்த இடத்துத் தோல் செத்துக் கருகும். அதுதான் ஊதுபத்தி சுட்ட மாதிரியான பொருக்கு. காய்ச்சல் ஆரம்பிக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதற்குள் கடித்தது யார், எங்கே என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். மறக்க என்ன இருக்கிறது, தெரிந்திருக்கவே இருக்காது.

இப்போது ஸ்மித்தின் முடிச்சுக்கு வருவோம். சிகர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கடிக்கும். அப்படியென்றால் சித்தியைக் கடித்த சிகருக்கு அதற்கு முன்னால் யாரையும் கடித்த அனுபவம் இல்லை. பிறகு கிருமி எங்கிருந்து வந்தது? மாட்டுண்ணியில் கண்ட அதே பதில்: அம்மாவிடமிருந்து. கிருமி முட்டை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. அந்த வம்சத்தில் பிறந்தவை பிறக்கும்போதே சொத்தோடு பிறக்கின்றன. எலியின் முக்கியமான வேலை, சோறு போட்டு ஊர் ஊராகத் தூக்கிப்போவது. அதனால்தான் இந்த நோய் திட்டுத்திட்டாக இருக்கிறது. கிருமி உள்ள மைட் குடும்பம் ஒரு வரப்பில் குடியிருக்கும், அடுத்த வரப்பில் ஒன்றும் இருக்காது. மைட் தீவு என்றே ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள்.

கிருமியின் பெயர் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி. வாயில் நுழையாத இந்தப் பெயரில் சுட்சுகாமுஷி என்பது ஜப்பான் ஆற்றங்கரை விவசாயிகள் வைத்தது. முஷி என்றால் பூச்சி. தீங்கு செய்கிற பூச்சி என்று அவர்கள் லேப் வருவதற்கு வெகு காலம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகா, இங்கேயும் மாடு மேய்ப்பவன் கதைதான். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை இது படுக்கவைத்த பிறகுதான் மற்ற நாட்டு டாக்டர்கள் அக்கறையாகப் பார்த்தார்கள்.

இதை ஆராய்கிறவர்கள் செய்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். உண்ணி பிடிக்க வெள்ளைத் துணியைப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். தொற்றிக்கொள்வதை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுவார்கள். சிகருக்குக் கருப்புத் தகடு ஒன்றை மண்ணில் வைத்துக் காத்திருப்பார்கள். ஆரஞ்சுப் புள்ளி ஏதாவது அதன் மேல் ஓடினால் எண்ணிக்கொள்வார்கள். இன்னொரு வழி எலிப்பொறி. பிடிபட்ட எலியின் காதுக்குள் பார்த்தால் மஞ்சள்தூள் அப்பின மாதிரி சிகர் கூட்டம் ஒட்டியிருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரிப் பக்கங்களில் நடந்த இந்த எலி வேட்டைகளில் அதிகம் மாட்டியவர்களில் ஒருவர் மூஞ்சூறு. பிள்ளையார் மன்னிக்கட்டும். காதிலிருந்து வழித்து எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்து, முதுகுத் தகட்டின் வடிவத்தையும் அதிலுள்ள முடிகளையும் பார்த்து இன்ன இனம் என்று பிரிப்பார்கள். பிறகு பி.சி.ஆர். போட்டுக் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வேலூரைச் சுற்றி ஒரு வரைபடம்

இந்த நோயைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டதில் கணிசமான பங்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து வந்தது. ஊர்ப் பெருமைக்குச் சொல்லவில்லை. கார்த்திகை, மார்கழியானால் அவர்கள் வாசலில் வந்து நிற்கிற காய்ச்சல்காரர்கள் அப்படி. வடகிழக்கு மழைக்குப் பிறகு புல் தழைத்து ஈரம் நிற்கிற மாதங்கள்தான் சிகருக்குப் பருவம்.

2020-ல் வெளியான அவர்களுடைய ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வேலூர் வட்டாரத்தில் நகரம், சமவெளிக் கிராமம், காட்டோர மலைக்கிராமம் என்று மூன்று வகை இடங்களில் ரத்தம் எடுத்து, மூன்று காய்ச்சல்களின் பழைய தடயத்தைத் தேடினார்கள். ஸ்க்ரப் டைபஸ் சமவெளிக் கிராமங்களில் அதிகம். எலித் தெள்ளு பரப்புகிற இன்னொரு டைபஸும் நகரத்தைவிடச் சமவெளிக் கிராமங்களில்தான் அதிகம். உண்மையான உண்ணி கொண்டுவருகிற புள்ளிக் காய்ச்சல் காட்டோர மலைக்கிராமங்களில் அதிகம். ஆக, எது உங்களைக் கடிக்கும் என்பது நீங்கள் வாழும் இடத்தைப் பொறுத்தது. கணியம்பாடிக்காரருக்கு மைட், ஜவ்வாது மலைக்காரருக்கு உண்ணி என்று ஒரு மோட்டாவான கணக்கு வைத்துக்கொள்ளலாம். எலி, நாய், மனிதர் யாருமே எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை என்பதையும் சேர்த்து.

அப்புறம் 2025-ல் வந்தது ஒன்று. சி.எம்.சி.யும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வட தமிழகத்தில் 37 கிராமங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வீடு வீடாகப் போய், காய்ச்சல் வந்ததா என்று விடாமல் கேட்டு, வந்தவர்களிடம் ரத்தம் எடுத்து. வருடத்துக்குப் பத்து சதவீதம் பேர் வரைகூட இந்தக் கிருமி தொற்றுகிறது என்பது தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. காய்ச்சலாக வெடிப்பது சிலருக்கு, ஐ.சி.யூ. வரை போவது அதிலும் சிலருக்கு. ஆனால் அந்தச் சிலருக்கு நிலைமை மோசம். நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதை வேண்டுமானாலும் தாக்கும். இந்தியா முழுக்க வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், காரணம் தெரியாத காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் இருந்திருக்கிறது. உறுதியானவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் இறந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மருந்து மலிவு. டாக்ஸிசைக்ளின், பழைய மாத்திரை. சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். முற்றிப்போய் வருகிறவர்களுக்கு எது நல்லது என்பதை சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் ஏழு மருத்துவமனைகளில், 794 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. மரணம், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், ஏழாம் நாளும் தீராத சிக்கல் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது, ஒரு மருந்து மட்டும் ஊசியாகப் போட்டவர்களில் 47, 48 சதவீதம் பேருக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களில் 33 சதவீதம். இரண்டு பழைய மருந்தைக் கலந்து கொடுப்பதுதான் கண்டுபிடிப்பு. பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை, கவர்ச்சி போதாது போல.

பிறகு ஏன் சாகிறார்கள்? நேரம்தான். சித்திக்குப் போட்ட ஊசியைப் போலப் பல ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியைத் தொடுவதில்லை. அது நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே போய்க் குடியிருக்கிற ரகம். டைபாய்டு என்ற பெயரும் சதி செய்கிறது. டைபாய்டு என்றால் 'டைபஸ் போன்றது' என்றுதான் அர்த்தம். பெயரும் காய்ச்சலும் ஒரே சாயல், கிருமியும் மருந்தும் வேறு வேறு. பொருக்கு எல்லோருக்கும் வராது, வந்தாலும் கருத்த தோலில் மச்சம் மாதிரி தெரியும், ஈர மடிப்பில் இருந்தால் கருப்பாகக்கூட இருக்காது. இல்லையென்றால் ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனைதான் வழி. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல், கடுமையான தலைவலி, வயல் காடு புழக்கம் என்று இருந்தால், 'ஸ்க்ரப் டைபஸ் பார்த்தீர்களா?' என்று டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள். மாத்திரை பெயர் தெரிந்துவிட்டதே என்று மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாம் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

தடுப்பூசி கிடையாது. கொல்லைக்குப் போய் வந்ததும் துணியைக் கழற்றி வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கடித்து இறுகுவதற்குள் சிகர் கழுவப்பட்டுவிடும். புல்லில் வெறும் உடம்போடு உட்காரவோ படுக்கவோ கூடாது, துணியைப் புதர் மேலும் புல் மேலும் உலர்த்தக் கூடாது. நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வது வெயிலுக்காகத்தான், ஆனால் இதற்கும் அது நல்ல உடுப்பு.

உண்ணிக்கு வேறு முறை. தோலில் கடித்துக்கொண்டிருக்கிற உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் நம் வழக்கம். அது பதறி, எச்சிலை இன்னும் அதிகமாகத் துப்ப வாய்ப்புண்டு. நுனி மெலிந்த இடுக்கியால், உடம்பைப் பிடிக்காமல் தோலை ஒட்டி வாயருகே பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, உள்ளங்கை, உள்ளங்காலில்கூடப் படர்கிற சிவப்புத் தடிப்போ வந்தால், அந்தத் தேதி டாக்டருக்கு உதவும்.

சித்திக்கு டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. இட்லி கேட்டார். சித்தப்பாவுக்கு இந்தக் கதையை எல்லாம் நான் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. 'அப்ப நாய் மேல தப்பே இல்லியா?' என்றார். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது, புள்ளிக் காய்ச்சலை நாயுண்ணியும் கொண்டுவரும் என்றேன். யோசித்துவிட்டு, பம்புசெட்டிலிருந்து நாயை அவிழ்த்து வந்தார். இப்போது தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியும் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்து அதன் காதைப் பார்க்கிறார். எடுத்த உண்ணி டப்பாவுக்குப் போகிறது, நாய் மேல் மண்ணெண்ணெய் இல்லை. சித்தி நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் யார் காய்ச்சல் என்றாலும், 'இடுப்பைப் பாத்தியாடி?' என்று கேட்கிறாராம்.

புடவையை மட்டும் இன்னும் வேலிப் புதர் மேல்தான் உலர்த்துகிறார்.